கெடாத மோட்டாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். எனக்கு முழங்கால் வலி, அவளுக்கு வழக்கமான ஒற்றைத் தலைவலி, வேறு குறையில்லை. ரிமோட்டில் ஓடுகிற என் பொம்மை வண்டியில் நீங்கள் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போன பிரஷ்லெஸ் மோட்டார் எங்கள் இருவரையும்விட நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறது. அங்கு நீங்களும் என் மகளும், முக்கியமாக உங்கள் தகப்பனாரும் அவருடைய ஓட்டை வண்டியும், சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பிக்கை என்ன நம்பிக்கை, போன ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் இருவரும் அவர் வீட்டில்தான் இருந்தீர்கள் என்று மகளே சொல்லிவிட்டாள்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு இந்த மனிதர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் சொல்லிப் பார்த்தாயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் "வீடியோ எடுத்து அனுப்புங்க மாமா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்கிறீர்கள். நான் வீடியோ எடுத்தால் பாதி நேரம் என் காலும் மீதி நேரம் கூரையும்தான் விழுகிறது. அதையும் பார்த்துவிட்டு "மோட்டார் சூப்பரா ஓடுது மாமா" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிடுகிறீர்கள். ஆகவே, வீடியோ எடுக்க முடியாத ஒரு பொருளாகப் பார்த்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படிக்கவும்.

முதலில் உங்கள் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும். நான் லிஃப்ட் பரிசோதகர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, பொழுது போகாமல் வீட்டில் எல்லாரையும் பரிசோதிக்க ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்து, எனக்கு ஒரு ரிமோட் வண்டி வாங்கித் தந்தீர்கள். மாமனாருக்கு மட்டும் கொடுத்தால் பெற்ற தகப்பனாருக்கு மனத்தாங்கல் வரும் என்று அவருக்கும் அச்சு அசலாக அதே வண்டி. இரண்டிலும் பழைய மாதிரி மோட்டார், உள்ளே தேய்ந்துபோகிற கார்பன் பிரஷ். அந்த பிரஷ் இருக்கிறதே, அது ஒரு நல்ல பிறவி. ஒழுங்காகத் தேயும். தேய்ந்தால் வண்டி இருமும், திணறும், பிறகு நின்றுவிடும். உடனே நான் போன் செய்வேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களும் மகளும் வந்துவிடுவீர்கள். பால்கனி மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து நீங்கள் மோட்டாரைப் பிரிப்பீர்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தப்புத் தப்பாக யோசனை சொல்வேன், உள்ளே மகளும் அத்தையும் யாரையாவது கழுவி ஊற்றிக்கொண்டிருப்பார்கள். மதியம் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் தூங்குவோம். சாயங்காலம் நீங்கள் கிளம்பும்போது வண்டி ஓடும். அடுத்த வாரத்துக்குள் மறுபடி நின்றுவிடும். எவ்வளவு நம்பகமான ஏற்பாடு பாருங்கள்.

இதில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா பேச்சுக்கு, "என்ன மாப்பிள்ளை, வாரா வாரம் இதே தொல்லையா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். விருந்தாளியிடம் "சாப்பாடு சுமார்தான்" என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. நீங்கள் அதை மனதில் வாங்கிக்கொண்டு, அடுத்த தடவை வரும்போது ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தீர்கள். "இதுல பிரஷ்ஷே கிடையாது மாமா. தேயறதுக்கு ஒண்ணுமே இல்ல. இதை மாட்டிட்டா அப்புறம் நீங்க என்னைக் கூப்பிடவே வேண்டியிருக்காது" என்றீர்கள். சொல்லிவிட்டு வேறு சிரித்தீர்கள். ஒரு மாமனாரிடம் இதைவிட மரியாதையாக யாரும் கதவைச் சாத்தியிருக்க முடியாது. நானும் அசட்டுத்தனமாக "ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

அன்றிலிருந்து அந்த மோட்டார் ஒரு தடவைகூடக் கெடவில்லை. வேலையில் இருந்த காலத்தில், கெடவே கெடாது என்று யாராவது ஒரு பொருளைக் கொண்டுவந்தால் நான் கையெழுத்துப் போட்டதில்லை. காரணம் இதுதான்: கெடாத பொருள், தான் கெடாமல் இருப்பதற்காகப் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் கெடுக்கும். முதலில் பிளாஸ்டிக் பல்சக்கரம். ரிமோட்டின் விசையைத் தொட்டேனோ இல்லையோ, சோளத்தை உதிர்த்தது போல அத்தனை பற்களும் உதிர்ந்தன. மோட்டாருக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இரும்புப் பல்சக்கரம் அனுப்பினீர்கள். அதற்குப் பிறகு சக்கரத்துக்குப் போகிற தண்டு பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டது. மோட்டாருக்கு ஒன்றுமில்லை. கெட்டித் தண்டு அனுப்பினீர்கள். பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற பெட்டி வெடித்தது. அதையும் மாற்றிய பிறகு, டயர்கள் சுழலும் வேகத்தில் பலூன் மாதிரி உப்பி, ஒன்று கழன்று பறந்து போய் எதிர்வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த போர்வையின் மேல் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு தடவையும் நான் போன் செய்ய, நீங்கள் "மோட்டார் ஓகேதானே மாமா? அப்ப ஒண்ணும் பிரச்சினையில்ல. நாலு ஸ்க்ரூதான், நீங்களே மாட்டிடலாம்" என்று சொன்னீர்கள். வண்டியில் எல்லாம் போன பிறகும் மோட்டார் மட்டும் நடுவில் மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம், இது வழக்கில் உள்ள சொல்தான்.

நீங்கள் வராத குறையைக் கூரியர்காரர் தீர்த்துவைக்கிறார். வாரம் தவறாமல் வருகிறார். வாசலிலேயே "சார், இந்த வாட்டி என்ன உடைஞ்சுது?" என்று அக்கறையாகக் கேட்கிறார். அத்தை அவருக்குக் காபி கொடுத்து, அவருடைய தாயாரின் கண் அறுவை சிகிச்சை எப்படி நடந்தது என்று விசாரிக்கிறாள். அவரும் நிதானமாக உட்கார்ந்து பதில் சொல்கிறார், நடுவில் போனைப் பார்ப்பதில்லை. போன வாரம் பார்சலோடு தன் வீட்டில் காய்த்த நாலு எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தார். எங்களுக்கு இரண்டாவது பெண் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

நடுவில் ஒரு நாள், நீங்கள் எடுத்து அனுப்பிய செய்முறை வீடியோவைப் பார்த்து நானே மோட்டாரைக் கழற்றி மாட்டினேன். அதிலிருந்து மூன்று கம்பிகள் வருகின்றன. மூன்றும் ஒரே நிறம், ஒரே தடிமன், ஒரே நீளம். கண்டுபிடித்தவர் எந்த நம்பிக்கையில் அப்படி வைத்தாரோ. அவற்றில் எந்த இரண்டை இடம் மாற்றினாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. வண்டியை எனக்கு முன்னால், முகம் அந்தப் பக்கம் பார்க்க வைத்து, "போ" என்று விசையை அழுத்தினேன். அது பின்னால் வந்தது. என் மேல் மோத வருகிறதே என்று பதறி இன்னும் அழுத்தினேன். இன்னும் வேகமாக வந்தது. இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து, எனக்குப் பின்னால் வாளியோடு வந்துகொண்டிருந்த அத்தையின் மேல் போய் முட்டியது. வாளித் தண்ணீர் மொத்தமும் அவள் தலையிலும் என் முதுகிலும். நான் மோட்டாரைத்தான் முதலில் துடைத்தேன் என்று அவள் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். அப்போதும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் பட்டாலும் தாங்கும் என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருந்ததாம்.

இப்போது முக்கியமான சம்பவத்துக்கு வருகிறேன். ரிமோட்டுக்கும் வண்டிக்கும் தொடர்பு அறுந்துபோனால் வண்டி என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிற ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டல்லவா? கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாமல் நிற்க வேண்டும் என்று பிறருக்கு வகுப்பெடுத்தவன் நான். இதை அமைக்காமல் விடுவேனா? வண்டியைச் சக்கரங்கள் தரையில் படாதபடி ஒரு பெட்டி மேல் தூக்கி வைத்து, அதில் இருந்த சின்னப் பொத்தானை அழுத்தினேன். அந்த நேரத்தில் ரிமோட்டின் விசை எந்த நிலையில் இருக்கிறதோ, அதையே வண்டி மனப்பாடம் செய்துகொள்ளுமாம். ரிமோட் கீழே விழுந்துவிடக் கூடாது என்று, பாதுகாப்பு கருதி, நான் அதை விசையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தேன். சக்கரங்கள் நாலும் பேய் மாதிரி சுழன்றன. உத்தரவை ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் அடையாளம் என்று நினைத்து மகிழ்ந்தேன். உங்கள் வீடியோவில் நீங்கள் விசையை விட்டிருந்தீர்களா பிடித்திருந்தீர்களா என்று தெரியவில்லை, உங்கள் கட்டைவிரல் மறைத்துவிட்டது. ஆகவே இதில் பாதிப் பொறுப்பு உங்களுடையது.

மீதிப் பாதி அத்தையுடையது. ரிமோட்டில் இருந்த புது பேட்டரிகளை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுவிட்டு, கடிகாரத்தில் இருந்த செத்த பேட்டரிகளை ரிமோட்டில் போட்டிருக்கிறாள். கேட்டால், "கடிகாரம் நின்னா வீடே நின்னுடும். உங்க வண்டி நின்னா யாருக்கு என்ன?" என்கிறாள். நின்றால்தானே? கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரிமோட்டின் விளக்கு ஒரு தடவை கண்ணடித்து அணைந்தது. தொடர்பு அறுந்தது. உடனே என் பாதுகாப்பு ஏற்பாடு செவ்வனே வேலை செய்தது. வண்டி தன் வாழ்நாளில் அதுவரை காணாத வேகத்தில், தலைகால் புரியாமல் பாய்ந்து, இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவே நுழைந்து, சரிவில் எகிறி, தரைத்தளத்துப் பல் மருத்துவரின் திறந்த கதவு வழியாக உள்ளே போய்விட்டது. முழங்கால் வலியோடு நானும் பின்னால் ஓடினேன்.

உள்ளே நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தவர் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். பாதி வாய்க்கு மரத்துப்போகிற ஊசி போட்டாகிவிட்டது. வண்டி நேராக அவர் நாற்காலிக்கு அடியில் போய்ச் சிக்கி, அங்கிருந்து வெளியே வர வழியில்லாமல், சக்கரம் தேய்ந்து புகை வர, உய்யென்று கத்திக்கொண்டே இருந்தது. மருத்துவர் தன் கையில் இருந்த துளைக்கிற கருவியைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். அதை அணைத்தார். சத்தம் நிற்கவில்லை. செயலாளர், பல்லைத் துளைக்காமலேயே இவ்வளவு சத்தமா என்று எழுந்து ஓடப் பார்த்தார். "சார், அசையாதீங்க, அது என்னுடையது" என்று நான் சொன்னது அவருக்கு ஆறுதலாக இல்லை. கடைசியில் மருத்துவர் தரையில் குப்புறப் படுத்து, இடுக்கியை நாற்காலிக்கு அடியில் விட்டு, பேட்டரியின் இணைப்பைப் பிடித்து, ஒரு முறுக்கு முறுக்கி, ஒரே இழுப்பில் பிடுங்கினார். அசப்பில் கடைவாய்ப் பல் பிடுங்கிய மாதிரியே இருந்தது. "வேற எங்கயாவது வலிக்குதா?" என்று பழக்கத்தில் என்னைக் கேட்டும்விட்டார். மோட்டாருக்கு ஒன்றுமில்லை என்பதை உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செயலாளர் அன்று என்னை என்னென்னவோ திட்டினார். பாதி வாய் மரத்திருந்ததால் ஒன்றும் புரியவில்லை. மறுநாள் ஊசியின் வேகம் குறைந்ததும் தெளிவாகவே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்: குடியிருப்பு வளாகத்தில் "முதியோர் ரிமோட் வாகனங்கள்" ஓட்டத் தடை. சிறுவர்கள் ஓட்டலாமாம். இப்போது உலகத்திலேயே நம்பகமான மோட்டார், பால்கனி மேசை மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நான் அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

இதை எல்லாம் மகளிடம் சொல்லி ஆறுதல் தேடலாம் என்று போன் செய்தால், அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "சரிப்பா, மோட்டார் நல்லாத்தானே இருக்கு? இந்த வாரம் எங்க மாமனார் வண்டி மறுபடியும் நின்னுடுச்சாம். அங்க போறோம். உங்க வீட்டுக்கு அடுத்த வாரம் பாக்கலாம்" என்கிறாள். "உங்க வீடு" என்கிறாள் மாப்பிள்ளை, போன வருடம் வரை "நம்ம வீடு" என்று சொன்னவள். அந்த அடுத்த வாரமும் வந்தபாடில்லை. உங்கள் தகப்பனாரின் பழைய பிரஷ் மோட்டார் ஒவ்வொரு சனிக்கிழமையும் குறி வைத்தது போல எப்படி நிற்கிறது? பரிசோதகன் கண்ணுக்கு இது தப்புமா? அவர் வெள்ளிக்கிழமைதோறும் தன் வீட்டுக்கு எதிரே வீடு கட்டுவதற்குக் கொட்டியிருக்கிற மணல் குவியலில் வண்டியை விட்டுப் புரட்டி எடுக்கிறார் என்று எனக்கு நம்பத்தகுந்த தகவல் வந்திருக்கிறது. சம்பந்தி மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். ஓட்டை மோட்டார் வைத்திருக்கிறவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம், நல்ல மோட்டார் வைத்திருக்கிறவன் வீட்டில் கூரியர்காரர். இது எந்த ஊர் நியாயம்?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இந்த வீடு நன்றாக இல்லை. அத்தைக்கு இரண்டு பேருக்கு மட்டும் சமைக்க இன்னும் கை வரவில்லை. நாலு பேருக்குத்தான் அளவு வருகிறது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்துப் புதன்கிழமை வரை நானே சாப்பிடுகிறேன். மதியம் தூங்கப் போனால் எல்லா மூலையும் காலியாக இருக்கிறது, எந்த மூலையில் படுப்பது என்று தெரியவில்லை. எனக்கு மகளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. "பார்க்க வேண்டும் போலிருக்கிறது, வா" என்று சொல்ல ஒரு அப்பனுக்குக் கூச்சமாக இருக்கிறது. "மோட்டார் போச்சு, வா" என்று சொல்வது சுலபமாக இருந்தது. அந்த ஒரு வசதியைத்தான் நீங்கள் ஆசையாகக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

ஆகவே என் கோரிக்கை. இந்த மோட்டாரை உடனே நேரில் வந்து திரும்பப் பெற்றுக்கொண்டு, என் பழைய, தேய்கிற, இருமுகிற மோட்டாரை எனக்கே மாட்டிக் கொடுக்க வேண்டும். அது முடியாவிட்டால், மாமனார் மேல் இவ்வளவு பாசம் காட்டிய நீங்கள், பெற்ற தகப்பனாருக்கு மட்டும் நல்ல மோட்டார் வாங்கித் தராமல் இருப்பது நாலு பேர் வாயில் விழும். அவருக்கும் இதே பிரஷ்லெஸ்ஸை மாட்டி, "இனி கூப்பிடவே வேண்டியிருக்காதுப்பா" என்று இதே சிரிப்போடு சொல்லிவிட்டு வாருங்கள். அவர் முகம் எப்படிப் போகிறது என்று ஒரு வீடியோ எடுத்து அனுப்பினால் போதும்.

மற்றபடி உங்கள் இருவருக்கும் நோய் நொடி இல்லாத வாழ்வும், தேவைக்கேற்பப் பழுதாகிற பொருள்களும் அமைய எங்கள் ஆசி. அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். உங்கள் தகப்பனாருக்கு என் வணக்கம், அளவாக.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் உங்கள் தகப்பனார், கையில் துணிப்பை, பைக்குள் வண்டி. உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, "சம்பந்தி, எனக்கும் அதையே மாட்டிட்டான். போன ஞாயித்துக்கிழமை. இனிமே கூப்பிடவே வேண்டியிருக்காதாம்" என்றார். அவர் குரலைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. "மணல் விஷயம் உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். இதுல மணல் போட்டும் பாத்துட்டேன் சம்பந்தி, கெடவே மாட்டேங்குது" என்று அவரே சொன்னார். ஆகவே மேலே அவரைப் பற்றி எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். வணக்கத்தில் இருக்கிற "அளவாக" என்பதையும் எடுத்துவிடவும்.

இது எழுதும் நேரத்தில் இரண்டு மோட்டார்களும் சாப்பாட்டு மேசை மேல் பிரிந்து கிடக்கின்றன. காந்தத்தில் ஒட்டிக்கொண்ட வாஷர்களில் எது யாருடையது என்பதில் எங்களுக்குள் பலத்த கருத்து வேறுபாடு. மூன்று கம்பிகளையும் அவர் அறுத்துவிட்டார், நான் தடுக்கவில்லை. இன்று முடிகிற வேலையாகத் தெரியாததால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அத்தையும் அளவைக் குறைக்க வேண்டியதில்லை என்று சந்தோஷமாக இருக்கிறாள். ஆகவே மோட்டாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டாம். புதியது எதுவும் அனுப்பவும் வேண்டாம். மகளை மட்டும் அனுப்பிவையுங்கள், அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அத்தை, "அவரும் வரட்டுமே, பாவம்" என்கிறாள். சரி, வாருங்கள். சாப்பிடலாம், பேசலாம், பிடித்த மூலையில் தூங்கலாம். ஸ்க்ரூடிரைவரை மட்டும் தொடக் கூடாது.